தம்பியின் கோடா தெளிந்த வாரம்

விவாகரத்துக்குப் பிறகு என் தம்பி கனடாவில், ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு, பேஸ்மென்ருக்குக் குடிவந்தான். வந்த சில மாதங்களில் அவன் பெயருக்கு ஒரு பெரிய பார்சல் வந்தது. உள்ளே செப்பில் செய்த ஒரு பானையும் வளைந்த குழாயும் இருந்தன.

"இதென்னடா?"

"சாராயம் காய்ச்சிற சாமான், அக்கா. சும்மா ஒரு ஹொபி."

"கசிப்போ? கள்ளச் சாராயமெண்டு பொலிஸ் வந்தால் என்ன சொல்லுறது?"

"கசிப்பு எண்டு சொல்லாதை. கேவலமாக் கிடக்கு."

அவன் ட்ரக் ஓட்டுபவன். வினிபெக்குக்குச் சாமான் ஏற்றிப் போய்த் திரும்பி வருவான். வீட்டில் நிற்கிற நாட்களில் ரீவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்பான். வீட்டில் வைன் செய்தால் பரவாயில்லை, சாராயம் காய்ச்சுவது இங்கே குற்றம் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் உள்ள அறையில் அவன் சீனியையும் புளிக்கவைக்கும் ஈஸ்ற்றையும் கரைத்து வைத்தபோது நானும் என் கணவரும் தடுக்கவில்லை. ஏதோ ஒன்றில் அவனுக்கு மனம் பிடித்ததே என்று இருந்தது.

நுரைத்துப் புளித்த அந்தத் தண்ணீரைக் கோடா என்பார்கள். முதல்முறை அவன் அது தெளியும் வரை பொறுக்கவில்லை. கலங்கலாகவே பானையில் ஊற்றி அடுப்பை மூட்டினான். அடியில் ஈஸ்ற் பிடித்துக் கருகி, வீடு முழுக்கப் பாண் எரிந்த நாற்றம். நான் ஜன்னல்களைத் திறந்துகொண்டு ஓடித் திரிய, அவன் படிக்கட்டில் இருந்து சிரித்தான். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

அடுத்த தடவைக்கு வைன் சாமான் விற்கும் கடையில் ஒரு பைக்கற் வாங்கி வந்தான். சாம்பல் நிறத் தூள். பென்ரனைற் என்ற ஒருவகைக் களிமண்.

"இதைக் கரைச்சு ஊத்தினால் கலங்கலை எல்லாம் பிடிச்சுக்கொண்டு கீழை போயிடும். பூனை கக்கா இருக்கவும் இந்த மண்ணைத்தான் போடுறவங்கள்."

"எனக்கு உது வேண்டாம். நீயே குடி."

இரண்டாவது கோடா தை மாதத்தில் ஒரு பெரிய கண்ணாடிச் சாடியில் நுரைத்தது. நுரைப்பு அடங்குவதற்குள் அவனுக்கு வினிபெக் பயணம் வந்துவிட்டது. போன இடத்தில் இருந்து போன் எடுத்தான்.

"அக்கா, குமிழி வாறது நிண்டிட்டுதோ பார்."

"நிண்டிட்டுது."

"அப்ப அந்த மண்ணைப் போட்டுவிடு. சுடுதண்ணியிலை கொஞ்சம் கொஞ்சமாத் தூவு. கொட்டிப்போடாதை, கட்டி பிடிக்கும். நல்லா ஊறவிட்டுப் பிறகு ஊத்திக் கலக்கு."

"எனக்கு இஞ்சை வேறை வேலை இல்லையே?"

"என்ரை அக்காவெல்லே."

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்பவள். கட்டிபடாமல் மா கரைப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. தூள் தண்ணீரில் ஊறிக் கூழ் மாதிரித் தடித்தது. வேலையால் வந்து அதைச் சாடிக்குள் ஊற்றிக் கலக்கினேன். அரிசி கழுவிய தண்ணீர் போல இருந்த கோடா, சீமெந்து கரைத்த தண்ணீர் போல ஆகிவிட்டது. பழுதாக்கிவிட்டேன் என்று பயந்து படம் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு அவன் குரலைப் பதிந்து அனுப்பினான்.

"பயப்பிடாதை. சனிக்கிழமை நான் வரேக்கை கண்ணாடி மாதிரி நிக்கும். சும்மா சும்மா போய் ஆட்டிப் பாக்காதை."

வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு பொலிஸ்காரர்கள் கதவைத் தட்டினார்கள். ஒரு கணம் எனக்குச் சாடியின் ஞாபகம்தான் வந்தது. அவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். தம்பியின் பெயரைச் சொல்லி, அவனுக்கு நான் என்ன முறை என்று கேட்டார்கள். பெரிய ஏரிக்கு வடக்கே போகும் வீதியில், எதிரே வந்த லொறி பனியில் சறுக்கித் தம்பியின் பக்கம் வந்திருக்கிறது. அவன் தன் லேனில்தான் வந்திருக்கிறான். அதை அவர்கள் இரண்டு தரம் சொன்னார்கள்.

பிறகு வீடு முழுக்கச் சனம். தேத்தண்ணி, பார்வைக்கு வைத்தல், கிரியை. நான் அழவில்லை என்று என் கணவர் பயந்திருக்கிறார். செத்தவீடு முடிந்த பிறகும் சனம் வந்துகொண்டிருந்தது. மடிப்புக் கதிரை எடுக்க ஃபேர்னஸ் அறைக்குப் போனேன். சாடிக்குப் பின்னால் சுவரில் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் அந்தச் சாடிக்கூடாக அப்படியே தெரிந்தன. அடியில் மண் ஒரு விரற்கடைக்குப் படிந்திருந்தது. கதிரையை விரித்து அதிலேயே இருந்தேன். என் சத்தம் கேட்டுத்தான் மேலே இருந்தவர்கள் இறங்கி ஓடி வந்தார்கள்.

செத்தவீட்டுக்குப் பிறகு வரும் எட்டுச் செலவுச் சடங்குக்குத் தம்பிக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். ஆட்டிறைச்சிக் கறி, நண்டு, மீன் பொரியல். சித்தப்பா கடையில் வாங்கிய விஸ்கிப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். நான் கீழே போய், ஒரு ரப்பர்க் குழாயைச் சாடிக்குள் விட்டு வாயால் இழுத்து, மண் கலங்காமல் ஒரு கிளாஸ் எடுத்தேன். உதட்டில் பட்டது சப்பென்று புளித்தது.

"உது என்ன பிள்ளை?" என்றார் சித்தப்பா.

"தம்பியின்ரை."

அவனோடு ட்ரக் ஓடுகிற சிநேகிதன் கிளாஸை எடுத்து மணந்தான். அவனுக்குக் கண் நிறைந்தது. "அக்கா, இது இன்னும் காய்ச்சேல்லை. கோடாவெல்லே. தாங்கோ, நான் கொண்டுபோய்க் காய்ச்சிக்கொண்டு வாறன்."

"வேண்டாம். அவன் இவ்வளவுதான் செய்தவன். இவ்வளவையும் வைப்பம்."

சித்தப்பா விஸ்கியைத் தள்ளி இடம் விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து சனம் குறைந்த பிறகு, சாடியை இனி வைத்திருக்க முடியாது என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார். "காய்ச்சிறதெண்டாலும் சரி, ஊத்திறதெண்டாலும் சரி. உம்மடை விருப்பம்."

"ஊத்துவம்."

இருவருமாகச் சாடியைத் தூக்கி, உடுப்புத் தோய்க்கும் தொட்டியில் சரித்தோம். முதலில் தெளிவாகத்தான் போனது. சாய்க்கச் சாய்க்க மண் எழும்பி எல்லாம் கலங்கியது. கடைசியில் அடியில் கிடந்தது வரமாட்டேன் என்றது. நான் கையை விட்டு வழித்தேன்.

"நான் கழுவுறன். நீர் மேலை போம்."

"நான் போகேல்லை. தண்ணியைத் திறவுங்கோ."

அவர் தண்ணீரைத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்று சாடியைப் பிடித்துக்கொண்டார்.