சகாயம் துண்டு சுழற்றிய காலை

சகாயத்துக்குச் சிரிக்க வராது. பாதி ஆயுளுக்கு மேல் கடலில் கிடந்த மனிதர். இஞ்சின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி, 'சாப்ட்டியா' என்று அவர் கேட்டாலே அடிக்க வருகிற மாதிரி இருக்கும். மனைவி ரெஜினா இருந்தவரை அந்த வீட்டில் சிரிக்கிற வேலையையும் அவளே பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு, காலையில் பாம்பன் தெற்குவாடிக் கரையில் போய் உட்காருவார். வெயில் ஏறியதும் வீடு திரும்புவார்.

அவர் உட்கார்ந்த இடத்துக்குத்தான், உடம்புக்கு நல்லதென்று காலையில் கூடிச் சிரிக்கிற சிரிப்பு மன்றத்தார் வந்து சேர்ந்தார்கள். தலைவர் முத்துராமலிங்கம், கமுதிப் பக்கத்து விளையாட்டு வாத்தியார். ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்தவர். அவருடைய விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"எந்திரிங்க சார். நீங்க உக்காந்திருக்கிற எடந்தான் எங்களுக்கு முன்வரிசை."

சகாயம் நகரவில்லை. அவரை நடுவில் வைத்துச் சுற்றி நின்று சிரித்தார்கள். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து வரிசையில் நின்றுகொள்வதே மரியாதை என்று அவருக்குத் தோன்றியது. 'ஹோ ஹோ' என்று அடித்தொண்டையில் முக்கினார். பக்கத்தில் நின்ற ஜஸீலா, ஓய்வு பெற்ற நர்ஸ், அதைப் பார்த்து நிஜமாகவே சிரித்துவிட்டார்.

"சகாயண்ணே, சிரிக்கச் சொன்னா நங்கூரத்தத் தூக்குறீகளே!"

"தூக்குனாத்தான தங்கச்சி வள்ளம் நகரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். தான் சொன்ன ஒன்றுக்கு நாலுபேர் சிரிப்பது சகாயத்துக்குப் புதிது. மறுநாள் விசிலுக்கு முன்பே வந்து நின்றார்.

வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகும் மகன் பென்னிக்கு இது பிடிக்கவில்லை. "அம்மாவுக்கு இன்னும் வருசப் பூச கூட வைக்கல. ஒங்கப்பன் கரையில பல்லக் காட்டிட்டு நிக்கிறாராமேன்னு மீன் ஏலக் கொட்டகையில கேக்குறானுக. இந்தச் சனிக்கெழமையோட நிப்பாட்டிருங்கப்பா."

பேச்சுத்துணை இல்லாத அந்த வீட்டிலிருந்து தப்பிக்க, சகாயத்துக்கு அந்தக் காலைப்பொழுது ஒன்றுதான் இருந்தது. மகனோடு மல்லுக்கட்டி அதைக் காப்பாற்றத் தெம்பில்லை. இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டே சனிக்கிழமை போனார்.

அன்றைக்கென்று வாத்தியார் புதுப் பயிற்சி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். தோளில் கிடக்கும் துண்டை உருவி, தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டே சிரிக்க வேண்டும்.

"கவலையெல்லாம் தூசியாப் பறக்கணும்! ரெடி!"

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கரைக்குக் கிட்டத்தில் வலை விடுகிற வள்ளக்காரர்கள் செல்போனை நனையாமல் பாலித்தீன் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்; அடித்தால் கேட்காது. அதனால் வீட்டில் சாவு விழுந்தால் ஊரார் கரையில் நின்று துண்டைச் சுழற்றுவார்கள். பார்த்தவன் போட்ட வலையைப் போட்டபடி விட்டுவிட்டு வந்தாக வேண்டும். கமுதி வாத்தியாருக்கு இது தெரியாது. ஆஸ்பத்திரியிலேயே காலம் கழித்த ஜஸீலாவுக்கும் தெரியாது. மற்றவர்களும் கடல் தொழில் பழகாதவர்கள். அங்கே அது தெரிந்த ஒரே ஆள் சகாயம். அவரோ எல்லோரையும்விட வேகமாகச் சுழற்றிக்கொண்டிருந்தார். அந்த வழக்கம் அவர் நினைவுக்கே வரவில்லை. ஏனென்றால், வாத்தியாரின் துண்டு அவருடைய விசில் கயிற்றிலேயே சிக்கி, வாத்தியார் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு பம்பரமாகச் சுற்றினார். அதைப் பார்த்த சகாயத்துக்கு முதல்முறையாக நிஜச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் வழிந்தது. துண்டை மட்டும் விடவில்லை.

இஞ்சின் சத்தம் கேட்டது. நாலைந்து வள்ளங்கள் பந்தயத்தில் வருவதுபோல் கரையை நோக்கிப் பாய்ந்து வந்தன.

"நம்ம மன்றத்துல சேரத்தான் வாராக போல," என்று பூரித்தார் வாத்தியார்.

சகாயத்தின் கை அந்தரத்தில் நின்றது. "ஐயையோ! எறக்குங்க! எல்லாரும் துண்ட எறக்குங்க!" என்று அலறினார். பயத்திலாவது சிரிப்பு அடங்கும் என்று பார்த்தால், விக்கலும் சேர்ந்து அது இன்னும் கூடியது.

பென்னி இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து ஓடிவந்தான். கூட்டத்துக்குள் புகுந்து, முதலில் அகப்பட்ட ஆளின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"எங்கப்பாவுக்கு என்னாச்சு? எங்கப்பா எங்கன?"

"ஏலே, நாந்தாம்லே அது."

சிரித்த முகத்தோடு அப்பாவை அவன் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

மற்ற வள்ளக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "செத்தது யாரு?"

"யாரும் சாகலப்பா. இது ஒடம்புக்குச் செய்யிறது," என்றார் ஜஸீலா.

"வலைய அங்கனயே விட்டுட்டு வந்திருக்கோம். இப்ப ஒருத்தராச்சும் செத்தாகணும்!" என்றான் ஒருவன், வாத்தியாரைப் பார்த்து. வாத்தியார் ஜஸீலாவுக்குப் பின்னால் நகர்ந்தார்.

பென்னி தலை நிமிரவில்லை. "அம்மாவுக்கும் இப்படித்தான் சுத்துனாக. அன்னைக்கும் நான் கடல்லதான் கெடந்தேன். இன்னைக்கு நீங்கதான்னு..."

சகாயம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பெரிய விக்கல்தான் வந்தது. பென்னி அவரைப் பார்த்தான். அவன் உதடும் சிரிப்பில் கோணியது.

"நிப்பாட்டத்தாம்லே பாக்குறேன். முடியல."

"நிப்பாட்ட வேணாம்," என்றான் பென்னி. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "வாத்தியாரே, திங்கக்கெழமையும் இவரு வருவாரு. துண்ட மட்டும் தூக்க விட்டீக, நடக்குறதே வேற."

வலையெடுக்கப் போக, வள்ளங்களைத் திரும்பத் தண்ணீருக்குள் தள்ள வேண்டியிருந்தது. மன்றமே சேர்ந்து தள்ளியது. வாத்தியார் பழக்கதோஷத்தில் விசில் ஊதி, வசவு வாங்கிக்கொண்டார். சகாயமும் தோள் கொடுத்தார். ஆனால் தள்ளுகிற நேரம் பார்த்துச் சிரிப்பு வந்து, வள்ளத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

"விடுங்கப்பா," என்றான் பென்னி. "நீங்க சிரிச்சு முடிங்க. நாங்க தள்ளிக்கிறோம்."