ஒன்று கூட்டினால் ஒரு நாள்

அக்கா மகளின் கல்யாணத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. பத்து பகாட் ஊரில் அக்காவுக்குப் பிடித்த மண்டபமோ இணையத்தில் அன்றைக்குச் சிவப்பு காட்டியது, இடமில்லை. அதன் முன்பதிவு மென்பொருள் எங்கள் அலுவலகத்தில் செய்தது.

"டேய், உங்க சிஸ்டம்தானே? உள்ள போய் யாருன்னு பாரு," என்றாள் அக்கா.

பார்த்தேன். ஞாயிறன்று ஒருவரும் இல்லை. சனிக்கிழமை இரவு ஒரு பிறந்தநாள் விருந்து மட்டும். விருந்து முடிந்ததும் மண்டபத்தைக் கழுவ ஒரு மணி நேரம் விடவேண்டும். அதற்காக எங்கள் முதலாளி, அதாவது போஸ், நிரலில் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார்: முடியும் நேரத்தோடு ஒன்றைக் கூட்டு. அவர் நினைத்தது ஒரு மணி நேரம். எங்கள் தரவுத்தளத்துக்கோ வெறும் ஒன்று என்றால் ஒரு முழு நாள். மணி என்றால் மணி என்று வாய் திறந்து சொல்லவேண்டும். ஆக, ஒரு கேக் வெட்டிய இடத்தை ஞாயிறு இரவு வரைக்கும் துடைக்கிறார்கள்!

ஆத்திரத்தில் மேசையைக் குத்தினேன். தேநீர் என் மடியிலேயே கொட்டியது. கோபத்தில்கூடக் குறி தப்புகிற ஆள் நான். ஈரக் கால்சட்டையோடு போஸ் அறைக்குப் போனேன்.

"போஸ், ஒரு மணி நேரத்துக்குப் பதிலா ஒரு நாள் கூட்டுது. மாத்தணும்."

"கஸ்டமர் கம்ப்ளேன் பண்ணாங்களா?"

"ஃபுல்லுன்னு பார்த்தவங்க வேற மண்டபத்துக்குப் போயிடுவாங்க. யாரு வந்து கம்ப்ளேன் பண்ணுவா?"

"அப்ப பிரச்சனை இல்ல லா. அடுத்த மாசம் பார்ப்போம். நீ முதல்ல பேண்ட்ட மாத்து."

காலி மண்டபத்தைப் பூட்டிவைத்துவிட்டு, யாரும் கதவைத் தட்டவில்லையே என்கிற மனிதரிடம் என்ன பேச? அவர் சாப்பிடப் போனதும் நானே அந்த ஒன்றை ஒரு மணி நேரமாக்கினேன். ஞாயிறு பச்சையானது. உடனே அக்காவை அழைத்து, என் சாமர்த்தியத்தை ஆதியோடந்தமாக விளக்கினேன்.

"பாடம் அப்புறம் நடத்துடா. இப்ப புக் பண்ணவா?"

"பண்ணு, பண்ணு!"

"சிவப்பா இருக்கே."

அலமாக்! நான் பீற்றிக்கொண்டிருந்த நேரத்தில் காஹாங் ஊரிலிருந்து ஒரு குடும்பம் கைப்பேசியிலேயே பதிந்துவிட்டிருந்தது. அவர்களுக்கும் அதே முகூர்த்தம்.

"இனிமே மண்டபம் தேடுறது உன் வேலை," என்று அக்கா ஃபோனை வைத்தாள்.

போஸ் பல் குத்திக்கொண்டே திரும்பி வந்தார். என் திரையில் புதுப் பதிவைப் பார்த்தார்.

"பார்த்தியா? சிஸ்டம் நல்லாத்தான் ஓடுது. நீதான் சும்மா கத்துற."

நான் அதற்குள் அடுத்த மண்டபத்தை அழைத்திருந்தேன். ஃபோனில் ஒரு சீனர் சங்க மண்டபத்துக்காரர், மேடையில் ஓமம் வளர்த்தால் தீயணைப்புக் குழாய் திறந்துகொண்டு கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் என்று மலாயில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.