பெயர் சொல்ல விரும்பாத நேயர்

புதுக் கைபேசியில் பாட்டுக் கேட்கலாமென்று உட்கார்ந்தால், அது முதலில் என் பெயரையும் ஊரையும் கேட்கிறது. கர்நாடக இசையா, பைலாவா, செய்தியும் வேண்டுமா என்று விசாரணை வேறு. பாட்டுப் போட என் ஊர் எதற்கு?

போர்க்காலத்தில், நெடுந்தீவில், ஐயாவும் என்னைப் போலத்தான். வெயிலில் காயவைத்த பற்றரிகளை வானொலியில் போட்டு, இரு தரப்பு நிலையங்களின் செய்திகளையும் கேட்டுவிட்டு, "ரெண்டும் பொய்" என்பார். பாட்டென்றால் பைலா, மாதா பாட்டு, நாதஸ்வரம் எல்லாவற்றையும் நம்புவார். ஆனால் 'நேயர் விருப்பம்' நிகழ்ச்சிக்கு அம்மா பெயர் அனுப்பப் போனால், பைத்தியக்கார வேலை என்று சீறுவார்.

"பேரும் ஊரும் காத்தில போனா ஆர் ஆர் கேக்கினமோ! விசர் வேலை பாக்காதையும்."

ஒரு மாலை அறிவிப்பாளர் சொன்னார்: "அடுத்த பாடலைக் கேட்டிருப்பவர், நெடுந்தீவிலிருந்து பெயர் சொல்ல விரும்பாத ஒரு நேயர்."

வந்தது அம்மாவுக்கு உயிரான பாட்டு.

"ஆரப்பா அது?" என்று கேட்டார் அம்மா.

"ஆரோ ஒரு விசரன்" என்றார் ஐயா. பற்றரி தீர்ந்துவிடுமென்று எப்போதும் குறைத்தே வைக்கிற சத்தத்தை அன்று அவரே கூட்டினார்.

கைபேசி இன்னும் காத்திருக்கிறது. பெயர் கேட்ட இடத்தில் 'சொல்ல விரும்பாத நேயர்' என்று எழுதினேன். ஊரை மட்டும் சரியாகக் கொடுத்தேன். ஐயாவும் அவ்வளவுதான் கொடுத்தார்.