கம்பி விழுங்கிய மரம்

என் மேஜைமேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு மரத்துண்டை வைத்திருக்கிறேன். ஒரு சாண் நீளம் இருக்கும். பார்க்கிறவர்கள் சந்தனமா, கருங்காலியா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை, அடுப்பெரிக்கக்கூட லாயக்கில்லாத மயில்கொன்றை. வருஷத்துக்கு ஒருமுறை வார்னிஷ் அடித்து அதைக் காப்பாற்றி வருகிறேன். அறுத்த பக்கத்தைத் திருப்பினால் மரத்துக்குள்ளிருந்து துருப்பிடித்த கம்பி முனைகள் எட்டிப்பார்க்கும். ஒன்றன் பின் ஒன்றாக எட்டு கம்பிகள். எல்லாம் அப்பா கட்டியவை.

அறுபதுகளில் எங்கள் வீடு குரோம்பேட்டைக்கும் தாம்பரம் சானடோரியத்துக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி இருந்தது. பின்பக்கத்து வேலிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு பொட்டல்தான். அந்த மயில்கொன்றை வேலியோரம் நின்றது. அப்பா வீட்டை வாங்கியபோதே அது பெரிய மரமாம். மே மாதத்தில் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சிவப்பாகப் பூ கொட்டிக் கிடக்கும். ரயிலில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். அதில் எனக்கு ஏக பெருமை, ஏதோ நானே நட்டு வளர்த்த மாதிரி.

அப்பா ஓர் அலுவலகத்தில் ஹெட் கிளார்க். கஞ்சி போட்ட சட்டை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மூன்றாவது பெஞ்ச், யாரிடமும் கைநீட்டாத வைராக்கியம். அப்படிப்பட்டவர் தன் அதிகாரியிடம் போய் நின்று, அண்ணனுக்கு அங்கேயே ஒரு வேலை கேட்டு வாங்கினார். அண்ணன் மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போனவன் திரும்பவில்லை. அச்சகத்தில் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றான். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அப்பா சத்தம் போடாமல் சொன்னார். "என் மானத்த வாங்கிட்டே. போயிடு. இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே." அண்ணன் கைகூடக் கழுவாமல் எழுந்து போனான். எனக்கு அப்போது ஒன்பது வயது. சாயங்காலம் வந்துவிடுவான் என்று நினைத்து அவன் தட்டை எடுக்காமல் மூடி வைத்தேன். அம்மா மறுநாள் காலை அதை எடுத்துக் கழுவினாள்.

அந்த டிசம்பர் வரைக்கும் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஸ்டார் முன்வாசல் போர்ட்டிகோவில்தான் தொங்கும். மூங்கில் பிளாச்சில் அண்ணன் கட்டிய சட்டம். அதற்குச் சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதம் ஒட்டி உள்ளே ஒரு பல்பு போடுவோம். அந்த வருஷம் டிசம்பர் ஒன்றாம் தேதி அப்பா ஏணியைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனார். மயில்கொன்றையின் உச்சிக் கிளைக்கு ஏறி, கட்டுக்கம்பியை இறுக்கிச் சுற்றி, ஸ்டாரை அங்கே தொங்கவிட்டார். போர்ட்டிகோவில் கட்டினால் பசங்க கல் விட்டு உடைக்கிறார்கள் என்று காரணம் சொன்னார். எங்கள் தெருவில் அப்படிக் கல்விடும் பையன் ஒருவனும் கிடையாது. ரயில் பாதையின் பக்கம் மறைத்த கொப்புகளை மட்டும் அரிவாளால் கழித்துவிட்டார். அண்ணன் பேரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது, எடுத்தால் சாப்பிடாமல் எழுந்துவிடுவார். ஆனால் டிசம்பர் முழுக்க, சாயங்காலம் ஐந்தரை மணிக்கே அந்த ஸ்டாருக்கு ஸ்விட்ச் போட வேண்டும். மறந்தால் எனக்குத்தான் திட்டு.

"யாருக்கு வெளிச்சம் காட்டுறார்னு எனக்குத் தெரியாதா," என்று அம்மா அடுக்களையில் மெதுவாகச் சொல்வாள். அப்பாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து ஸ்டாரை இறக்கும்போது அப்பா கம்பியின் வாலை மட்டும் கொறடாவால் நறுக்குவார். கிளையைச் சுற்றியதை அப்படியே விட்டுவிடுவார். அடுத்த வருஷம் அது துருப்பிடித்திருக்கும், பக்கத்திலேயே புதுக்கம்பி ஒன்றைச் சுற்றுவார். மார்கழிக் காற்றில் ஸ்டார் ஆடி ஒரு பக்கமாகத் திரும்பிவிடக்கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் முன்னதைவிட இறுக்கிக் கட்டினார். மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் போய்விட்டது. மரம் கம்பியை முழுங்கிடுச்சு பார் என்று ஒருமுறை அவரே என்னிடம் ஆச்சரியமாகக் காட்டினார்.

ஐந்து ஸ்டார் கட்டி முடிந்தபின், அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால், கொப்பு கழிக்க வந்த மரம் வெட்டுகிறவர் கோடரியின் பின்பக்கத்தால் அடிமரத்தைத் தட்டினார். காலிப் பெட்டியைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது. மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"உள்ள ஒண்ணியும் இல்ல சார், வெறும் கூடு கீது. கம்பி கட்டிகினே வந்துகிறீங்களே, அங்க தண்ணி எறங்கி உளுத்துகினு வருது. மழைக்கு முன்ன எறக்கிடலாம். இல்லாங்காட்டி பக்கத்து வூட்டு மேல சாஞ்சி பேஜாரா பூடும்."

அப்பா மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் குறுக்கே விழுந்தேன். பள்ளிக்கூடத் தோழிகள் எல்லாரும் ரயிலிலிருந்து எங்கள் ஸ்டாரைப் பார்க்கிறவர்கள். "இந்தக் கிறிஸ்துமஸ் போகட்டும்ப்பா," என்று அழுதேன். பதினான்கு வயசுப் பெண்ணின் பவிசு, அவ்வளவுதான். அப்பா முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் என் மேல் உள்ள செல்லம் என்று எடுத்துக்கொண்டேன். "குழந்தை ஆசைப்படுது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்று அந்த ஆளை அனுப்பிவிட்டார்.

அடுத்த வருஷமும் அந்த ஆள் வந்தார், அதற்கடுத்த வருஷமும் வந்தார். அப்பாவுக்கு அதே பதில்தான். பொந்தில் செங்கல் ஜல்லியும் சிமெண்டும் போட்டு அடைத்தார், சொத்தைப் பல்லை அடைக்கிற மாதிரி. சிமெண்டைச் சுற்றி மரம் இன்னும் வேகமாக உளுத்தது. வேலிக்கு இந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் ஓட்டுச் சமையலறை இருந்தது. கைக்குழந்தைக்காரி. கிளை காற்றில் முனகும்போதெல்லாம் அவள் மேலே பார்ப்பாள், எங்கள் வீட்டையும் பார்ப்பாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எனக்குப் பதினேழு வயதான வருஷம், நவம்பர் மழையில், ஒரு காலை வேளையில் ஸ்டார் கிளை முறிந்து அந்தச் சமையலறைமேல் விழுந்தது. ஓடுகள் நொறுங்கி அடுப்புக்குள் கிடந்தன. அந்த அக்கா குழாயடிக்குப் போயிருந்தாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது. அப்பா குடைகூட எடுக்காமல் ஓடினார். அவள் சண்டை போடுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு, "பாப்பாவ அங்கதான் சார் படுக்க வெப்பேன். இன்னிக்கு அழுதான்னு தூக்கினு போனேன்," என்று மட்டும் சொன்னாள். அப்பா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் ஒரு மனிதரைக் கும்பிட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே ஆள் அனுப்பினார். மரத்தை இறக்க இரண்டு நாளாயிற்று. அப்பா முன்வாசலில் நாற்காலி போட்டு, மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மரம் வெட்டுகிறவர் இந்தத் துண்டை எடுத்துவந்து நீட்டினார். "நீங்களே இதோட கழுத்த நெரிச்சிக்கினு இருந்துகிறீங்க சார்," என்றார், குத்திக்காட்டவில்லை, வருத்தமாகத்தான். அப்பா அதை மடியில் வைத்துக் கம்பிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். டிசம்பர் ஒன்றாம் தேதி ஸ்டார் மறுபடி போர்ட்டிகோவுக்கு வந்தது. அது ரயிலுக்குத் தெரியாது. இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம், அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு என்றார்கள். அம்மா அந்த ஸ்டாரையும் இறக்கிவிட்டாள்.

அவர் அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்தான். குரோம்பேட்டையில் இறங்கி ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. தலையில் லேசாக நரை. "அப்பா எங்கே?" என்றான். அம்மா அவன் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

விழுப்புரத்தில் அச்சகத்தில் இருந்தானாம். ஒவ்வொரு டிசம்பரும் ஒரு சாயங்காலம் எழும்பூர் வரை ரயிலில் வந்து, அடுத்த வண்டியில் திரும்பிப் போவானாம். "ஸ்டாரப் பாப்பேன். சரி, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க, நம்மள ஒண்ணும் தேடலன்னு போயிடுவேன். இன்னிக்கு ஸ்டாரும் இல்ல, மரமும் இல்ல. அடுத்த ஸ்டேஷன்லயே எறங்கி ஓடியாந்தேன்."

வா என்று அப்பா ஏற்றிவைத்த விளக்கை, வராதே என்று எட்டு வருஷம் படித்திருக்கிறான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அண்ணன் மேல், அப்பா மேல், கடைசியில் என் மேல். முதலிரண்டும் ஆறிவிட்டன.

இப்போது அஸ்தினாபுரத்தில் என் வீட்டுப் பின்பக்கம் ஒரு கிழட்டு மாமரம் நிற்கிறது. அடியில் கறையான் ஏறிவிட்டது. போன வாரம் என் மகன், "இந்த வருஷம் காய்ப்பு முடியட்டுமேம்மா," என்றான். நாளைக்கே ஆளை வரச் சொல் என்றேன். நான் கத்தியதைப் பார்த்து அவன் மிரண்டுபோனான். அவனுக்கு என்ன தெரியும். அண்ணன் இங்கே வரும்போதெல்லாம் இந்த மேஜைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறான், அப்பா மாதிரியே. அவன் போனபிறகு நான் துண்டைத் திருப்பிவைத்துப் பார்ப்பேன். எட்டு கம்பிகள். ஐந்தோடு நின்றிருந்தால் அப்பா அவனைப் பார்த்திருப்பார்.