ஆயாம்மா கழுத்தில் ஏறிய அட்டை

விக்கிரமசிங்கபுரத்தில் காலைச் சங்கு ஊதி, மில்லுக்குப் போகிற சைக்கிள்கள் எல்லாம் போய் ஓய்ந்த பிறகு அதே தெருவில் மஞ்சள் வேன் திரும்பும். அது நிற்பதற்குள் அன்னத்தாய் வாசலுக்கு வந்திருப்பாள். முதலில் இறங்குவது பிள்ளையா, பையா, தண்ணீர் பாட்டிலா என்று சொல்ல முடியாது. மூன்றும் அவள் கையில்தான் வந்து விழும். ‘பொதிகைத் தளிர்’ நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி.க்கும் யூ.கே.ஜி.க்கும் அவள்தான் ஆயா. பள்ளி தொடங்கிய வருஷமே சேர்ந்தவள். பதினோரு வருஷம் ஆயிற்று.

அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, யார் டப்பாவில் தினமும் தயிர்ச்சாதம், எவன் ஒன்றுக்கு வருகிறது என்று பொய் சொல்லி டிக்டேஷனுக்குத் தப்பிக்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாப்பாட்டு நேரத்தில் மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவிடும். ஒரு கையில் கம்பும் மறு கையில் யாருடைய ஸ்பூனோ ஒன்றுமாக நின்று அவள் இரண்டு கூட்டத்தையும் சமாளிப்பாள். பிறகு எல்.கே.ஜி. பிள்ளைகளைப் பாயில் படுக்க வைத்து முதுகில் தட்டிக்கொண்டே போவாள். கடைசிப் பிள்ளை தூங்கும்போது முதல் பிள்ளை எழுந்து உட்கார்ந்திருக்கும்.

தாளாளர் காந்திமதிநாதன் மில் தொழிலாளியின் மகன். அவர் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவர். சென்னையில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தெரிந்தும் இங்கிலீஷில் வாய் வராமல் பஸ் ஏறித் திரும்பியவர். அந்தச் சூடு அவருக்கு ஆறவே இல்லை. அதனால் பள்ளியில் அவர் போட்ட முதல் சட்டம், கேட்டுக்கு உள்ளே இங்கிலீஷ் மட்டும் என்பது. தமிழ் பேசினால் கழுத்தில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். அடுத்து யார் தமிழ் பேசுகிறார்களோ அவர்கள் கழுத்துக்கு அது மாறும். அடி கிடையாது, ஏச்சு கிடையாது. அட்டை மட்டும்தான்.

“பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் கிடையாது. மிஸ், டிரைவர், ஆயா, ஏன் நானே பேசினாலும் எனக்கும் அட்டதான்” என்று அவர் கூட்டத்தில் சொல்லியிருந்தார். பெரியவர்களை யாரும் பிடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

அன்னத்தாய் பத்தொன்பது சொற்கள் படித்துக்கொண்டாள். கம் லைன், நோ புஷ்ஷிங், வாஷ் ஹேண்ட். மற்றதற்கெல்லாம் கைச்சாடை. ஒரு நாள் சாயந்தரம் கேட்டுக்கு வெளியே தாளாளரை நிறுத்திக் கேட்டாள்.

“சார், மூக்கு ஒழுகுதுன்னு பிள்ளைய ஏசணும். அதுக்கு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்ல?”

“ஏசக் கூடாது ஆயா. தொடச்சு விடணும்.”

“தொடச்சு விட்டுட்டுத்தான் சார் ஏசுவேன்.”

போன ஜூனில் ஜாய்சி யூ.கே.ஜி.யில் சேர்ந்தாள். சொந்த ஊர் புன்னக்காயல். அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலையில் இருந்தார், சனிக்கிழமைதான் வருவார். அம்மா ஞானசௌந்தரிக்கு இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலை கிடைக்க, ஆறு கடலில் சேர்கிற ஊரிலிருந்து அதே ஆறு மலை இறங்குகிற ஊருக்கு வந்திருந்தார்கள்.

முதல் வாரத்தில் வகுப்பு மிஸ் ஷம்ஸியா ஒரு படத்தைத் தூக்கிக் காட்டி, “வாட் இஸ் திஸ்?” என்றாள். ஜாய்சி எழுந்து நின்று, கடற்கரையில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற குரலில், “வள்ளம். எங்க தாத்தாட்ட இருக்கு” என்றாள். படகைத் தவிர வேறு பேர் கேட்டிராத மலையடிப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அட்டை அவள் கழுத்துக்கு வந்தது. அன்றைக்குப் பார்த்து வேறு யாரும் தமிழ் பேசவில்லை. வேன் வரும்வரை அது அவள் கழுத்திலேயே கிடந்தது.

மறுநாளிலிருந்து ஜாய்சி வகுப்பில் வாய் திறக்கவில்லை. எழுதுவாள். கூட்டல் போடுவாள். கட்டத்துக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்டுவாள். எத்தனை கேட்டாலும் பேச்சு மட்டும் வராது.

கை கழுவுகிற வரிசையில் அவள்தான் எப்போதும் கடைசி. ஜூலையில் ஒரு நாள், தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் கேட்டது.

“ஆயாம்மா, இது ஆத்துத் தண்ணியா?”

அன்னத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றிலும் பார்த்தாள். அவளிடம் இருந்த பத்தொன்பது சொல்லில் அதற்குப் பதில் இல்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். சத்தம் கூடியது.

“ஆமா பிள்ள. ஆத்துத் தண்ணிதான்.”

“அப்ப இது எங்க ஊருக்குப் போவுமா?”

“போவும். பைய பையப் போயிரும்.”

அன்றிலிருந்து தினமும் ஐந்து நிமிஷம். குழாய் ஓடும், ஜாய்சியின் வாயும் ஓடும். தாத்தாவின் வள்ளம், அப்பா வாங்கி வந்த மக்ரூன், பக்கத்துப் பையன் இர்ஷாத்தின் ரப்பரை யார் எடுத்தது என்பது வரை எல்லாம் வரும். சில நாள் ஷம்ஸியா மிஸ் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்று இங்கிலீஷ் கேள்விகளைத் தானே கேட்டுத் தானே பதில் சொல்வாள். ஒரு பதிலும் தப்பாது. அன்னத்தாய் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அந்தக் குழாயடியும் பிள்ளைக்கு இல்லாமல் போய்விடும் என்று பயந்தாள்.

மார்ச்சில் வாய்மொழித் தேர்வு வந்தது. தாளாளரும் மிஸ்ஸும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள். திங்கட்கிழமை ஜாய்சி பத்துக் கேள்விக்கும் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயந்தரம் தாளாளர் ஞானசௌந்தரியைக் கேட்டுக்கு வெளியே பார்த்துச் சொன்னார். “வியாழக்கிழம இன்னொரு தடவ கேப்போம்மா. அப்பவும் பேசலேன்னா ஒரு வருஷம் யூ.கே.ஜி.யிலயே இருக்கட்டும். ஒண்ணாங்கிளாஸ்ல போயிக் கஷ்டப்படக் கூடாதுல்லா.”

அவர் போன பிறகு ஞானசௌந்தரி அன்னத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வீட்ல வாய் ஓய மாட்டேங்கு ஆயாம்மா. கூடப் படிச்ச பிள்ளைக எல்லாம் ஒண்ணாங்கிளாஸ்னு மாடிக்குப் போவும். இவ மட்டும் இங்கன கெடந்தா இன்னும்லா வாய மூடிக்கிடுவா.”

இன்னொரு வருஷம் பிள்ளை தன்னோடு இருக்குமே என்று அன்னத்தாய்க்கு ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே வைதுகொண்டாள்.

புதன்கிழமை குழாயடியில் கேட்டாள். “நாளைக்கு மிஸ் கேட்டா எங்கிட்டச் சொல்லுத மாதிரியே சொல்லுவியா?”

“சிரிப்பாங்க.”

“சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க.”

ஜாய்சி தண்ணீரைக் கையில் ஏந்தி, ஒழுகிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். “அட்ட போடுவாங்க.”

வியாழக்கிழமை. முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி. ஜாய்சி ஷூவைப் பார்த்தாள். தாளாளர் பேனா மூடியைத் திறந்தார். கதவோரம் நின்ற அன்னத்தாய், பிள்ளைகளைத் தாண்டி மேசைக்கு முன்னால் வந்துவிட்டாள்.

“சார், எழுதிராதீங்க. அவ பேசுவா. தெனமும் குழாயடியில எங்கிட்டப் பேசுதா. இந்தக் கேள்வி அத்தனைக்கும் பதில் தெரியும். நான் என் காதால கேட்டிருக்கேன்.”

“எந்த மொழியில பேசுவீங்க ரெண்டு பேரும்?” என்று தாளாளர் இங்கிலீஷில் கேட்க, ஷம்ஸியா மிஸ் அதை அன்னத்தாயின் காதில் மட்டும் தமிழாக்கிச் சொன்னாள்.

“தமிழ்லதான் சார். எனக்கு வேற என்ன தெரியும்?”

அன்றைக்கு அட்டை இர்ஷாத்தின் கழுத்தில் இருந்தது. காலையிலிருந்து கைமாற்ற ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவன் அவன். “சார், ஆயாம்மா டமில் ஸ்பீக்கிங்” என்று துள்ளி எழுந்து ஓடி வந்தான். சட்டம் சட்டம்தானே. தாளாளர் வாயைத் திறந்தார். எல்லாருக்கும் அட்டை என்று சொன்னது தான்தான் என்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார். இர்ஷாத்துக்கு எட்டவில்லை. அன்னத்தாய் குனிந்து கொடுத்தாள். தாலிக் கயிற்றுக்கு மேல் சிவப்பு அட்டை தொங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அன்னத்தாயும் சிரிக்கத்தான் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

“ஏலே, அவங்களுக்குப் போடாத.”

யார் குரல் என்று வகுப்புக்குத் தெரியவில்லை. ஜூனுக்குப் பிறகு அந்த வகுப்பு கேட்டிராத குரல்.

ஜாய்சி வந்து அட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். “எனக்குத் தாங்க. இப்ப நான்தான தமிழ் பேசுதேன். ஆயாம்மா, குனிங்க. நான் எவ்வளவு பேசிட்டேன் பாருங்க. எனக்குத்தான் அட்ட.”

அன்னத்தாய் குனிந்தாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று. ஜாய்சி அட்டையைத் தன் கழுத்தில் தானே மாட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றாள். யாரும் சிரிக்கவில்லை.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி பிள்ள, பைய நின்னு சொல்லு. அவசரமில்ல” என்றார்.

இர்ஷாத் மறுபடி எழுந்தான். இந்தத் தடவை குரல் மெதுவாகத்தான் வந்தது. “சார்… யூ ஆல்சோ டமில்.”

ஷம்ஸியா மிஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாளாளர் பேனாவை மூடி வைத்தார். பிறகு ஜாய்சிக்கு முன்னால் தலையை நீட்டினார். அவள் அட்டையை அவர் கழுத்தில் மாட்டி, அது நேராகத் தொங்குகிறதா என்றும் பார்த்துக்கொண்டாள்.

அதே படத்தை மிஸ் எடுத்துக் காட்டினாள். “வாட் இஸ் திஸ்?”

ஜாய்சி திரும்பிக் கதவோரம் பார்த்தாள். மறுபடி அங்கே போய் நின்றிருந்த அன்னத்தாய் சும்மா காற்றில் குழாயைத் திறப்பதுபோல் விரலைத் திருகினாள்.

“திஸ் இஸ் எ போட்,” என்றாள் ஜாய்சி. பிறகு, “எங்க தாத்தாட்ட இருக்கு.”

பத்துக்கு ஒன்பது போட்டார்கள். ஒரு கேள்வியில் மாம்பழத்தின் நிறம் பச்சை என்று அடித்துச் சொல்லிவிட்டாள்.

அட்டை ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது, மேல் வகுப்புகளுக்கு அது உண்டு, நர்சரிக்கு மட்டும் இல்லை என்று தாளாளர் சொல்லிவிட்டார். ஜாய்சியின் ஒன்றாம் வகுப்பு மாடியில். அங்கேயும் வரிசையாக மூன்று குழாய் இருக்கிறது. ஆனாலும் மத்தியான மணி அடித்ததும் படிக்கட்டில் ஒரு ஜோடி ஷூ தடதடவென்று இறங்கி வரும். அன்னத்தாய் சத்தம் கேட்டவுடன் குழாயைத் திறந்துவிடுவாள்.