ஐந்தாம் காலில் ஏறிய வெயில்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கால் விழுந்த வருடம், எங்கள் உப்பளத்தை நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த வரப்பு சித்தப்பாவுடையது. அண்ணன் படுத்துவிட்டால் அந்தப் பாத்திகளும் தனக்குத்தான் வரும் என்று அவர் நினைத்திருந்தார். நான் மண்வெட்டியோடு போய் நின்றதும் அவர் முகம் போன போக்கு இன்றும் கண்ணில் இருக்கிறது.

"பொட்டப்புள்ள உப்பு வாரப் போறாளாம்" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொன்னாராம். சாயங்காலத்துக்குள் அது எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். ஆரோவில் பக்கம் ஒரு பட்டறையில் சோலார் பம்புக்கான கண்ட்ரோல் பெட்டிகளுக்கு சால்டர் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்காக வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு உப்பளத்துக்கும் சேர்த்து உப்புத்தண்ணீர்க் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. ஒரு நாள் அவர் முறை, மறுநாள் என் முறை. அவர் முறையில் மோட்டாரைப் போட்டுவிட்டு பைக்கில் அனுமந்தைக்கு மீன் வாங்கப் போய்விடுவார். கிணறு வற்றி, மோட்டார் வெறுங்காற்றை இழுத்துக்கொண்டு கிடக்கும். சித்திரை வெயிலில் ஒருநாள் காயில் கருகிவிட்டது. கேட்டதற்கு, "ஒங்கப்பன் காலத்து மோட்டாருடி. அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றார்.

மோட்டாரை மறுபடி காயில் கட்டி மாட்டிய கையோடு ஒரு பெட்டி செய்து அதன் பக்கத்தில் பொருத்தினேன். பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடும். நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். உள்ளே இருந்தது எட்டுக் கால் வைத்த ஒரு சின்ன டைமர் ஐ.சி. பட்டனை அமுக்கியதும் பக்கத்திலிருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஒரு குறியளவைத் தொட்டதும் மோட்டார் நிற்கும். அந்தக் குறியளவை மேலும் கீழும் நகர்த்துவது ஐ.சி.யின் ஐந்தாம் கால். அதில் கொடுக்கும் வோல்டேஜைக் கூட்டினால் மோட்டார் அதிக நேரம் ஓடும், குறைத்தால் சீக்கிரம் நிற்கும். அதைச் சும்மா விட்டிருந்தால் எல்லா நாளும் ஒரே நேரம்தான் ஓடும்.

எனக்கு அது போதவில்லை. நல்ல வெயிலில் பாத்தி சீக்கிரம் காயும், தண்ணீர் அதிகம் வேண்டும். மேகமாக இருந்தால் கொஞ்சம் விட்டாலே போதும். அதனால் மோட்டார் கொட்டகையின் கூரைமேல் வெளிச்சத்தை உணரும் ஒரு சென்சாரை வைத்து, அதிலிருந்து வரும் வோல்டேஜை ஐந்தாம் காலுக்குக் கொடுத்தேன். வெயில் ஏற ஏற வோல்டேஜ் ஏறும், மோட்டார் ஓடும் நேரமும் நீளும். உச்சி வெயிலுக்கு எவ்வளவு ஓட வேண்டும் என்று பார்த்துச் சரிசெய்து வைத்தேன். சில வாரம் ஒழுங்காகப் போனது.

பிறகு வானம் மூடிக்கொண்டது. அது சித்தப்பாவின் முறை. மோட்டார் சீக்கிரம் நின்றுவிட்டது. மறுநாள் என் முறையில் வெயில் பொளந்தது, மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வரப்பைத் தாண்டி வந்தார்.

"எனக்கு மட்டும் சீக்கிரம் நிக்குது, ஒனக்கு ஓடிக்கினே கீது. பொட்டிக்குள்ள இன்னா வச்சிருக்கற?"

"நேத்து மேகம் சித்தப்பா. வெயிலு இல்லன்னா அது கம்மியாத்தான் ஓடும்."

"மேகத்துக்கு மோட்டார் நிக்குமா? யாருகிட்ட காது குத்தற?"

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லோருக்கும் எதிரில் காட்டிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு வந்தது. ஏணி வைத்து ஏறி, கூரைமேல் இருந்த சென்சாரை உள்ளங்கையால் மூடினேன். மோட்டார் நின்றது. கையை எடுத்து மறுபடி பட்டனை அமுக்கச் சொன்னேன், ஓடியது. "இப்ப தெரியுதா?" என்றேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருடைய அடுத்த முறையன்று காலையில் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். எங்களிடம் உப்பு வாரும் அக்கா போன் செய்தாள்.

"சீக்கிரம் வாம்மா. தண்ணி நம்ம பாத்திக்குள்ள வருது. மோட்டார் நிக்கவே மாட்டேங்குது."

நான் போய்ச் சேர்ந்தபோது சித்தப்பாவின் பெரிய பாத்தி நிரம்பி, வரப்பை அறுத்துக்கொண்டு தண்ணீர் என் பக்கம் பாய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் வாரலாம் என்று விட்டிருந்த உப்பு. கிணற்றுத் தண்ணீரில் உப்பின் செறிவு குறைவு, விளைந்த உப்பின் மேல் பட்டால் கரைத்துவிடும். வெள்ளையாக இருந்த பாத்திகளில் சேறு தெரிந்தது. ஓடிப் போய் மெயினை இறக்கினேன்.

கூரையைப் பார்த்தேன். ஒரு பழைய பீரோக் கண்ணாடியைக் கம்பில் கட்டிச் சாய்த்து வைத்திருந்தார். நேர் வெயிலோடு கண்ணாடி வெயிலும் சேர்ந்து சென்சாரின் மேல் விழுந்துகொண்டிருந்தது. உச்சி வெயிலுக்குமேல் ஒன்று வரும் என்று நான் கணக்குப் போட்டிருக்கவில்லை. ஐந்தாம் காலின் வோல்டேஜ், பெட்டிக்குள் வரும் முழு வோல்டேஜையே தொட்டிருக்கிறது. குறியளவு அவ்வளவு மேலே போய்விட்டால் கெப்பாசிட்டர் அதை எட்டவே எட்டாது. மோட்டார் எப்படி நிற்கும்?

அவர் அப்போதுதான் மீன் பையோடு பைக்கில் வந்து இறங்கினார்.

"கண்ணாடி யாரு வச்சது?"

"நான்தான் வச்சேன். வெயிலு இருந்தா ஓடும்னு நீதானே சொன்ன. வெயிலு குடுத்தேன்."

"என் உப்பு மொத்தமும் கரைஞ்சு போச்சு."

"ஒன் பொட்டி நிக்கலன்னா நான் இன்னாடி பண்ணுவேன்? படிச்சுட்டு வந்து பண்ண பொட்டிதானே அது?"

சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கண்ணாடியைக் கம்போடு பிடுங்கிக் கிணற்றுமேட்டில் போட்டு உடைத்தேன். அவர் மீன் பையைக் கீழே போட்டுவிட்டு என்னை நோக்கி வந்தார். அக்கா உப்பு வாரும் பலகையோடு குறுக்கே வந்து நின்றாள். "பொம்பள மேல கை வெய்யி, பாக்கலாம்" என்றாள். அவர் நின்றார். வாயில் வந்ததையெல்லாம் என்னைச் சொன்னார், படுத்திருந்த அப்பாவையும் சேர்த்து. நானும் சும்மா இல்லை. என் வாழ்க்கையில் யாரையும் அப்படிப் பேசியதில்லை.

அன்றைக்கே சென்சாரின் வயரை வெட்டினேன். ஐந்தாம் காலை எதோடும் சேர்க்காமல், ஒரு சின்ன கெப்பாசிட்டரை மட்டும் வைத்து மூடினேன். மேகமோ வெயிலோ, இருவருக்கும் ஒரே நேரம். அது உப்பளத்துக்கு ஏற்றதில்லை என்று எனக்குத் தெரியும். என் பாத்திகள் வெயில் நாளில் காய்ந்து வெடித்தன, மந்தமான நாளில் தண்ணீர் கட்டி நின்றன. அவருடையதும் அப்படித்தான். ஆனால் அவர் போகிற வருகிறவர்களிடம், "இப்பதான் பொட்டி ஒழுங்கா ஓடுது. வாங்கின வாங்குல வழிக்கு வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கும்போதெல்லாம் பற்களைக் கடித்துக்கொள்வேன்.

மழை வந்து அந்த வருடத்து உப்பு முடிந்தது. தை பிறந்ததும் என் பக்கத்திலேயே ஒரு போர் போட்டுத் தனி மோட்டார் இறக்கினேன். பழைய மோட்டாரை அவருக்கே விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் கழற்றி எடுத்து வந்து, சென்சாரை மறுபடி சேர்த்தேன். இந்த முறை எவ்வளவு வெளிச்சம் விழுந்தாலும் ஐந்தாம் காலுக்குப் போகும் வோல்டேஜ் ஓர் அளவுக்குமேல் ஏறாதபடி ஒரு ஜீனர் டயோடும் வைத்தேன். வெயிலுக்குத் தக்கபடி தண்ணீர் வந்தது. உப்பு பொடியாக இல்லாமல் நல்ல பருமனாக விளைந்தது. கிளியனூரிலிருந்து லாரியோடு வந்த வியாபாரி என் குவியலை முதலில் ஏற்றச் சொன்னபோது, சித்தப்பா தன் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் துப்பினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வைகாசியில் ஒருநாள் அம்மா என் தட்டில் சோறு போட்டுக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

"சித்தப்பா மோட்டார் மறுபடியும் எரிஞ்சு போச்சாம். ஒன்னோடது மாதிரி அவருக்கும் ஒண்ணு பண்ணித் தரணுமாம்."

"ஒங்கிட்ட வந்து கேட்டாரா?"

"சித்தி வந்து சொன்னா."

"முடியாதுன்னு சொல்லிடு."

"ஒங்கப்பன் கூடப் பொறந்தவருடி."

"தெரியும்மா. கொழம்பு ஊத்து."

உள்ளறையில் அப்பா படுத்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். அம்மா குழம்பை ஊற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல் எழுந்து போனாள். நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.