கிளிக்கு நான்கெல்லை எழுதிய முதலாளி

1. களவு போன கிளி

"ஏம்மா எஸ்தரு, என் கிளியைக் களவாண்டுட்டான்ம்மா போடிக்காரன்!"

முதலாளி இப்படிக் கத்திக்கொண்டே அச்சகத்துக்குள் நுழைந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வீட்டில் கிளி கிடையாது. அந்த வீட்டில் கோழிகூடத் தங்காது. கையிலிருந்த சின்னப் புத்தகத்தை என் மேசையில் வீசியெறிந்தார். போடி அச்சகக்காரர் ஒருவர் போட்டதாம், அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் வாங்கினாராம். அட்டையில் முறுக்கு மீசை மந்திரவாதி ஒருவன், பக்கத்தில் கூண்டு, கூண்டுக்குள் கிளி.

எழுபதுகளின் தொடக்கம் அது. தேனியில் அல்லிநகரம் பக்கம் இருந்த ஒரு அச்சகத்தில் நான் புரூப் ரீடர். கல்யாணப் பத்திரிகை, கமிஷன் கடை பில் புக், திருவிழா நோட்டீஸ் என்று வேலை ஓடும். டிரெடில் அச்சு மெஷின் சும்மா நிற்கும் நாட்களில் முதலாளி எட்டணாக் கதைப் புத்தகம் போடுவார். அந்தக் கதைகளை எழுதியது நான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, வீட்டில் உட்கார்ந்து எழுதுவேன். 'ஆசிரியர்' என்று அட்டையில் அச்சாவது முதலாளியின் பெயர். "பொம்பளப் பேரு போட்டா எவன் வாங்குவான்?" என்பது அந்த மேதையின் ஆராய்ச்சி முடிவு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

மந்திரவாதியின் உயிர் ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகையில், ஒரு கிளிக்குள் இருக்கும். ராஜகுமாரன் போய்க் கிளியின் கழுத்தைத் திருகுவான், இங்கே மந்திரவாதி செத்து விழுவான். இந்தக் கதை தெரியாத பிள்ளை நம் பக்கத்தில் உண்டா? எனக்கு மட்டும் சின்ன வயதிலிருந்தே ஒரு எரிச்சல். கெட்டது செய்தது மந்திரவாதி, கழுத்து முறிவது கிளிக்கா? அதனால் என் கதையில் கிளியைப் பேச வைத்தேன். ராஜகுமாரன் கையை நீட்டியதும் அது கேட்கும்: "அவன் உயிர் என்னிடம் இருக்கிறது, சரி. என் உயிர் யாரிடம் இருக்கிறது?" அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, குகை வாசலில் உட்கார்ந்து கிளியோடு வாதாடத் தொடங்குவான். பாதிப் புத்தகம் அவர்கள் வாக்குவாதம்தான். புத்தகம் நன்றாக விற்றது.

அந்தக் கிளியை வைத்தே இரண்டாவது கதையும் எழுதிப் பையில் வைத்திருந்தேன். அதில் என் பெயர் போட்டால்தான் தருவேன் என்று முதலாளியிடம் சொல்லியும் இருந்தேன். அதற்கு அன்று பதில் வந்தது. "கிளி என்னுது. போடிக்காரனும் தொடக்கூடாது, நீயும் தொடக்கூடாது. நீ எழுதுனாலும் அது என் பேருலதான் வரும்."

2. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு

கேஸ் போடுவதற்கு முன்னால் கிளியைத் தன் பெயருக்குப் பதிவு செய்துவிட வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். நிலத்துக்குப் பத்திரம் உண்டு, கிணற்றில் கால் பங்குக்குக்கூடப் பத்திரம் உண்டு, கிளிக்கு மட்டும் ஏன் கூடாது என்பது அவர் வாதம். பத்திரம் எழுதுகிறவர் வம்புக்கார மனுஷர். முகத்தில் சிரிப்பே காட்டாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். பிழை திருத்த என்னிடம் வந்ததால் நன்றாக நினைவிருக்கிறது:

"ஏழு மலைக்கு மேற்கு, ஏழு கடலுக்குக் கிழக்கு, அரண்மனைப் பாதைக்கு வடக்கு, ராட்சசக் காட்டுக்குத் தெற்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட குகையும், குகையிலுள்ள கூண்டும், கூண்டிலுள்ள கிளி உருப்படி ஒன்றும், அதனுள் அடங்கிய உயிர் உட்பட..."

சப் ரிஜிஸ்திரார் படித்துவிட்டுக் கேட்டாராம்: "இது எந்தக் கிராமத்துக் கணக்குல வருது? தீர்வை கட்டுன ரசீது இருக்கா?" முதலாளி வெளியே வந்து, "லஞ்சம் எதிர்பார்க்கிறாக" என்று எங்களிடம் சொன்னார். ஆண்டவரே, இப்படி ஒரு மூளையைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் நீர் எப்படி ஓய்ந்திருந்தீர் என்றுதான் எனக்குத் தோன்றியது.

3. கிளி என்ன சொன்னது?

பிறகு பெரியகுளத்தில் ஒரு வக்கீலிடம் போனார். இரண்டு புத்தகங்களையும் படித்து எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப் போனார். வக்கீல் பத்திரத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார். அப்புறம் எங்கள் புத்தகத்தையும் போடிக்காரர் புத்தகத்தையும் பொறுமையாகப் புரட்டினார். எங்களுடையதைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் சிரித்தார்.

"முதலாளி, முல்லையாத்துத் தண்ணி ஊருக்கே பொது. எவனும் மொண்டுக்கலாம். அந்தத் தண்ணியில ஒருத்தர் ரசம் வச்சா, ரசம் மட்டும் வச்சவுகளுக்குச் சொந்தம். நீங்க ஆத்துக்கே பூட்டுப் போடணும்ங்கிறீக."

"அப்ப எம் கிளி?"

"கிளி, மந்திரவாதி, ஏழு கடல் எல்லாம் ஆறு. போடிக்காரர் அதுலதான் மொண்டுருக்காரு. உங்க புஸ்தகத்துல புதுசா இருக்கிற எதையும் அவரு தொடல. இதை எழுதினது யாரு?"

"நாந்தான். அட்டையில பேரு பாருங்க."

"பேரு இருந்தா முதல்ல நம்புவாக. எதிர்க்கட்சி வக்கீல் குறுக்கே கேட்டா பதில் சொல்லணும்ல?" அவர் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். "ராசகுமாரன் கழுத்தைத் திருக வாரான். அப்ப கிளி என்ன சொல்லுது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்கு அமாவாசை என்று போட்டிருந்தது.

"கிளி என்ன சொல்லும்..." என்று இழுத்தார். "கீ கீன்னு சொல்லும்."

வக்கீல் சிரிக்கவில்லை. அதுதான் படித்தவர் மரியாதை. எனக்கு அது கிடையாது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அச்சாபீஸ்ல உங்களுக்குச் சம்பளம் எதுக்கு?"

"புரூப் பார்க்க."

"கதை உரிமையை இவருக்கு எழுதிக் கொடுத்துட்டேன்னு எதிலயாவது கையெழுத்துப் போட்டிருக்கீகளா?"

"இல்லை."

"அப்ப ரசம் உங்களுது" என்றார்.

4. பஸ்ஸில் அடித்த பல்டி

திரும்பும் பஸ்ஸில் முதலாளி தேவதானப்பட்டிக்காரர் ஒருவருடன் மாங்காய் விலை பேசிக்கொண்டு வந்தார். தேனி நெருங்கும்போது அவர் முகம் பளிச்சென்று ஆனது.

"ஏ ஆத்தா, வக்கீலே சொல்லிட்டாருல்ல, கிளிக்கதை ஊருக்குப் பொதுன்னு?"

"ஆமா."

"அப்ப நீ எழுதுனதும் பொதுதான? பொதுன்னா எனக்கும் சொந்தம்தான? என் பேரு போட்டா என்ன குத்தம்?"

காலையில் கிளி முழுவதும் அவருடையது, யாரும் தொடக்கூடாது. சாயங்காலம் கிளி யாருடையதும் இல்லை, அதனால் அவருடையது. ஒரே வாய், ஒரே வெற்றிலை, நடுவில் ஒரு வக்கீல் மட்டும்தான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பதிப்பாளர்களைப் பார்த்துவிட்டேன், எல்லோரும் இந்த இரண்டு வாதத்தையும் கையில் வைத்திருக்கிறார்கள். அடுத்தவன் எடுத்தால் திருட்டு, தான் எடுத்தால் நாட்டுப்புறக் கதை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தேன். "கதை பொது, முதலாளி. நான் எழுதின வார்த்தை பொது இல்ல. இனிமே கீ கீன்னு நீங்களே எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். வேலை போனது. வீட்டில் நல்ல திட்டு கிடைத்தது, அது வேறு.

அடுத்த வாரம் போடிக்குப் போனேன், திருடன் என்று பட்டம் வாங்கிய அதே மனிதரிடம். பெயர் துரைராஜ். முதல் புத்தகத்தை எழுதியதும் நான்தான் என்று சொல்லி இரண்டாவது கதையை நீட்டினேன், நின்றபடியே பாதி படித்தார். "உங்க முதல் புஸ்தகத்தையும் படிச்சேன்மா. அந்தக் கிளி பேசுறது புதுசா இருந்துச்சு, இன்னொருத்தர் சரக்கு, நமக்கெதுக்குன்னு தொடல. எங்க கிளி சும்மா தொங்கிக்கிட்டுக் கெடக்கு" என்றார். புத்தகம் என் பெயரோடு வந்தது. அட்டையில் என் பெயரை முதன்முதலாகப் பார்த்த அன்று தனியாக உட்கார்ந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என் பழைய முதலாளியும் சும்மா இருக்கவில்லை. வக்கீல் பயம் பிடித்து, முதல் புத்தகத்தில் நான் எழுதிய பேச்சையெல்லாம் உருவச் சொல்லி, மிச்சத்தை மறுபதிப்பாகப் போட்டார். அட்டையில் 'சகல உரிமையும் ஆசிரியருக்கே' என்று கதைப் பெயரைவிடப் பெரிய எழுத்து. கடமலைக்குண்டு சந்தையிலிருந்து கட்டுக் கட்டாகத் திரும்பி வந்ததாம். "எதுத்துப் பேசுற கிளி இல்லையா? இது ஊமைக்கிளியால்ல இருக்கு?" என்று பெண்கள் கேட்டார்களாம். சொன்னவர் அங்கே அச்சுக் கோக்கிற வேலை பார்த்த கம்பாசிட்டர். கேட்டதும் எனக்கு மகா சந்தோஷம்.

5. கேட்கிறவர்களுக்கு

எழுத வருகிற பிள்ளைகள் இன்றும் என்னிடம் வந்து, பழைய கதைப் பாத்திரத்தை எடுத்து எழுதினால் யாராவது கேஸ் போடுவார்களா என்று கேட்கிறார்கள். ராட்சசனையும் ராஜகுமாரியையும் தாராளமாக எடுங்கள், எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. ஆனால் போன வருஷம் ஒருத்தர் அந்த ராட்சசனுக்குக் கொடுத்த பேச்சையும் குணத்தையும் சேர்த்துத் தூக்காதீர்கள். கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தப் பழைய கதையில் நீ என்ன வைத்தாய் என்று யாராவது கேட்டால், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

பல வருஷம் கழித்துத் தேனி பஸ் ஸ்டாண்டில் முதலாளியைப் பார்த்தேன். அச்சகத்தை விற்றுவிட்டிருந்தார். நலம் விசாரித்த பிறகும் போகாமல் நின்றார்.

"ஏ ஆத்தா, ரொம்ப நாளா மனசுல கெடக்கு. அந்தக் கிளி அப்பிடி என்னதான் சொல்லுச்சு?"

அவர் பெயரில் அத்தனை ஆயிரம் பிரதி விற்ற புத்தகம்! எதிர்ப்பக்கக் கடையில் அதே கதைக்கு நான் போட்ட புதுப் பதிப்பு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கையைக் காட்டினேன்.

"அங்கன தொங்குது, முதலாளி. வாங்கிப் படிங்க. அட்டையில என் பேரு இருக்கும்."